1,500 சொல் இல்லாவிட்டால் சமையல் குறிப்பை கூகுள் காட்டாதா?

கரண்டி:
ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார்: 1,500 சொல்லுக்குக் குறைந்த சமையல் குறிப்பு கூகுளின் முதல் பக்கத்துக்கு வரவே வராதாம். இதை நம்பிப் புதிதாக எழுத வருகிறவர்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே குடும்ப வரலாற்றைக் கொட்டுகிறார்கள். தங்களுக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்புறம் இந்த 1,500 எங்கிருந்து வந்தது?

பொன்வண்டு:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே கேட்கலாமே, எதற்கு மறைத்துப் பேச வேண்டும்? எந்தச் சமையல் குறிப்பைத் தேடினாலும் மேலே வரும் பக்கங்களைத் திறந்து பாருங்கள், எல்லாமே நீளம். கூகுள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று.

கரண்டி:
மேலே வரும் பக்கங்கள் நீளமாக இருக்கின்றன, சரி. நீளத்தால்தான் மேலே வந்தன என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவை பழைய தளங்கள், பல இடங்களிலிருந்து இணைப்பு பெற்றவை. நீளம் பாதி விளம்பரம் செருகுவதற்காக வந்தது. 1,500 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், பதில் இல்லை.

நிலாமுற்றம்:
இருவரும் நீளத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஸ்கீமா போட்டீர்களா? பக்கத்தில் எது பெயர், எது படம், எது பொருள் என்று தேடுபொறிக்குப் புரியும்படி குறித்துக் காட்டும் குறியீடு அது. 2011ல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து தொடங்கியது. அதில் சமையல் குறிப்புக்கென்றே தனி வகை உண்டு. கூகுளுக்குப் பெயரும் படமும் கட்டாயம். சமைக்கும் நேரம், பொருள்கள், செய்முறை எல்லாம் சேர்த்தால் தேடல் முடிவிலேயே படத்தோடு தெரிய வாய்ப்பு அதிகம். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியைத் திறந்து, எந்தச் சொல்லுக்குப் பக்கம் தெரிந்தும் யாரும் சொடுக்கவில்லை என்று பார்த்துத் தலைப்பைத் திருத்துங்கள்.

பொன்வண்டு:
ஸ்கீமாவைத் தளத்தில் சேர்க்கும் செருகுநிரலே (ப்ளகின்) போட்டுவிடும். எல்லாரும் போட்ட பிறகு வித்தியாசம் எழுத்தில்தான். ஒரு பொருள் இல்லையென்றால் மாற்று என்ன, பதம் தப்பினால் என்ன செய்வது, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்றெல்லாம் எழுதினால் தானாகவே 1,500 தாண்டும்.

கரண்டி:
பேச்சு மாறுகிறது, எல்லாரும் கவனியுங்கள். முதலில் 1,500 இல்லாவிட்டால் வராது என்றீர்கள். இப்போது நன்றாக எழுதினால் 1,500 தாண்டும் என்கிறீர்கள். மாற்றுப் பொருளையும் பதத்தையும் எழுத வேண்டாம் என்று யார் சொன்னது? 400 சொல்லில் முடிந்தால் 400ல் நிறுத்துங்கள். கை முழுக்க மாவோடு நிற்கிறவர், அளவு எங்கே இருக்கிறது என்று கைபேசியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமா? தேடுபொறிக்காகவே எழுதுவதைப் பின்னுக்குத் தள்ளத்தான் 2022 ஆகஸ்டில் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட் என்ற கூகுளின் தரவரிசை மாற்றம் வந்தது. 2024 மார்ச்சில் அதை அடிப்படைத் தரவரிசை முறையோடே சேர்த்துவிட்டார்கள்.

பொன்வண்டு:
அப்போது அடிவாங்கியதாகப் புலம்பியவர்களில் சொந்தமாகச் சமைத்து எழுதிய சின்னத் தளக்காரர்கள் எத்தனை பேர்! கூகுள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் அதுதான் கதி.

எண்சாண்:
வேதவாக்கைப் பற்றிப் பொன்வண்டு பேசலாமா? பக்கத்தின் நிரலில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மெட்டா கீவேர்ட்ஸில் சொற்களை அடுக்கச் சொல்லி எல்லாருக்கும் பாடம் எடுத்தவர் இவர். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. என் தங்கை இவரை நம்பி, இருந்த எல்லாப் பக்கத்திலும் உட்கார்ந்து நிரப்பினாள்.

பொன்வண்டு:
பழையதைக் கிளறினால் நானும் கிளறுவேன். நான் எடுத்த படத்தை உங்கள் தளத்தில் போட்டது யார்?

எண்சாண்:
இணைப்பு கொடுத்துத்தான் போட்டேன்.

பொன்வண்டு:
இணைப்பு கொடுத்தால் அனுமதி வாங்கியதாகிவிடுமா? வெயில் வெளிச்சத்துக்காகக் காத்திருந்து எடுத்த படம் அது.

நிலாமுற்றம்:
படம் என்றதும் ஒன்று சொல்கிறேன். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். 2021 முதல் தரவரிசையிலும் அதைப் பார்க்கிறார்கள். பல சமையல் தளங்களைச் சுமையாக்குவது படம்தான். சுருக்கி ஏற்றுங்கள், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரையும் எழுதுங்கள்.

கரண்டி:
நல்ல விஷயம், ஆனால் கேள்வி அதுவல்ல. படம், தங்கை, அப்டேட் என்று எங்கெங்கோ போயாயிற்று. 1,500க்கு ஓர் ஆதாரம் கேட்டேன், இன்னும் வரவில்லை.

பொன்வண்டு:
என் குறிப்புகள் முதல் பக்கத்தில் நிற்கின்றன. அதுவே ஆதாரம். உங்களுடையவை எங்கே நிற்கின்றன?

கரண்டி:
என்னுடைய சின்னக் குறிப்புகளும் முதல் பக்கத்தில்தான் நிற்கின்றன. அப்படியென்றால் உங்கள் 1,500 என்ன ஆயிற்று?

பொன்வண்டு:
யாரும் தேடாத சொல்லுக்கு நின்றிருக்கும். எண்சாண், அந்தப் படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.