பில்லில் கியூஆர் ஒட்டிக் கருத்து கேட்டால் வியாபாரம் வளருமா?

சந்தைமேடு:
தர்மபுரி டவுனில் மளிகையும் சிறுதானியமும் விற்கும் கடை. சுமார் 900 வாடிக்கையாளர்கள் போன் நம்பரோடு பில்லிங் சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள். வீட்டு டெலிவரி தொடங்குவதா, கம்பு மாவு, சாமை வகைகளைக் கூட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்காக 15 கேள்வியோடு ஒரு கூகுள் ஃபார்ம் தயார். பில்லின் அடியில் கியூஆர் அச்சடித்து, நிரப்புகிறவர்களுக்குக் குலுக்கலில் குக்கர் பரிசு. மாதிரிக்கு நான்கு கேள்விகள்:

1. எங்கள் தரமான பொருட்களும் விரைவான சேவையும் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?
2. வீட்டு டெலிவரி தொடங்கினால் வாங்குவீர்களா?
3. எங்கள் விலை நியாயமாக இருக்கிறதா?
4. எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை மதிப்பெண்.

கேட்காமல் பணம் போடுவதைவிடக் கேட்டுவிட்டுப் போடுவது மேல் என்பது என் கட்சி. குறை இருந்தால் சொல்லுங்கள்.

வத்தல்மலையான்:
குறை கேள்வியில இல்லீங்க, கேட்கணும்கிற எண்ணத்துலயே இருக்கு. ஜனங்க சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. உங்க கடை சரியில்லைன்னு முகத்துக்கு நேரா நம்ம பக்கத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த மாசம் பேசாம வேற கடைக்குப் போயிடுவாங்க.

உங்க கையில இருக்கிறது பில் கணக்கு. ஒவ்வொரு நம்பருக்கும் கடைசியா வாங்கின தேதி, மூணு மாசத்துல எத்தனை பில், மொத்தம் எவ்வளவு ரூபாய்னு இந்த மூணு பத்தியை எக்செல்லில் இறக்குங்க. தேதி வரிசையா அடுக்குங்க. மாசம் தவறாம வந்தவங்கள்ல 45 நாளா வராதவங்க யாருன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். அதுக்குக் குக்கர் வேண்டாம்.

கோகோ கோலா 1985-ல புது ருசியில பானத்தைக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 2 லட்சம் பேருக்குக் கொடுத்து ருசி பார்க்க வெச்சாங்க. புதுசுதான் நல்லாருக்குன்னு பெரும்பாலானவங்க சொன்னாங்க. பழசை நிறுத்திட்டுப் புதுசைக் கொண்டுவந்தாங்க. 79 நாள்ல பழசைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிடுச்சு. அவ்வளவு பெரிய கம்பெனி கேட்டே அந்த நிலைமைன்னா, பில்லு அடியில ஒட்டற கியூஆர் என்ன சொல்லிடப் போகுது?

தென்பெண்ணை:
வத்தல்மலை அண்ணா, கோக் கதை கேட்பதற்கு எதிரான சாட்சி இல்லை, தப்பாகக் கேட்டதற்குச் சாட்சி. ஒரு வாய் குடித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, பழையது இனிமேல் கடையில் கிடைக்காது என்றே தெரியாது. ருசிக்கு வந்த பதிலை வைத்து, கேட்காத கேள்விக்கு முடிவெடுத்தார்கள்.

பில் கணக்கை முதலில் பாருங்கள் என்பதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது என்ன நடந்தது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. கம்பு மாவையே எடுத்துக்கொள்வோம். 40 பேர் ஒரு கிலோ பாக்கெட் வாங்கினார்கள், 34 பேர் மறுபடி வாங்கவில்லை என்று பில் காட்டுகிறது என்று வையுங்கள். காரணம் நான்கு இருக்கலாம். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் அரைத்த மாவு கொஞ்ச நாளிலேயே கசப்புத் தட்டி, காறல் வாடை வந்துவிடும். ஒரு கிலோ தீர்வதற்குள் கெட்டுப்போயிருக்கலாம். களி கிண்டத் தெரியாமல் கட்டி கட்டியாகப் போயிருக்கலாம். பிள்ளைகள் தொடாமல் இருந்திருக்கலாம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொல்லி ஒரு தடவை மட்டும் வாங்கியிருக்கலாம்.

கசப்பு என்றால் வாரம் ஒருமுறை அரைத்து, கால் கிலோ பாக்கெட்டில் போட்டு, அரைத்த தேதியை முன்பக்கமே அச்சடிக்க வேண்டும். செய்யத் தெரியவில்லை என்றால் தண்ணீர் அளவு போட்ட சீட்டு ஒன்று போதும். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. எது என்று அவர்களைக் கேட்காமல் எக்செல்லில் எந்தப் பத்தியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

சந்தைமேடு தம்பி, இப்போது உங்கள் ஃபார்ம். முதல் கேள்வியில் இரண்டு தப்பு. "தரமான", "விரைவான" என்று பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். பொருளையும் சேவையையும் ஒரே கேள்வியில் கட்டியதால், பொருள் பிடித்து சேவை பிடிக்காதவர் எதைக் குறிப்பார்? கடைசியாக வந்தபோது தேடி வந்து கிடைக்காமல் போன பொருள் எது என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து மறுநாளே சரக்கு போடலாம்.

குக்கரையும் எடுத்துவிடுங்கள். பரிசுக்காக நிரப்புகிறவர்கள் எல்லாவற்றுக்கும் "மிக நன்று" போட்டுவிட்டுப் போவார்கள்.

ராயக்கோட்டை ரோடு:
நாலாவது கேள்வியைப் பத்தி நான் சொல்றேன், ஓசூர்ப் பக்கம் கம்பெனிகள்ல தினமும் புழங்கற அளவுகோல் அது. என்பிஎஸ் (நெட் புரமோட்டர் ஸ்கோர்)னு சொல்வாங்க, 2003-ல வந்தது. 9, 10 போட்டவங்க சதவீதத்துலேர்ந்து 0 முதல் 6 வரை போட்டவங்க சதவீதத்தைக் கழிக்கணும். 7, 8 போட்டவங்க மொத்த எண்ணிக்கையில மட்டும் வருவாங்க, கூட்டறதுலயும் கழிக்கறதுலயும் வர மாட்டாங்க.

50 பேர் பதில் சொல்றாங்கன்னு வெச்சுக்கங்க. 25 பேர் 9 அல்லது 10, 15 பேர் 7 அல்லது 8, மீதி 10 பேர் 6 அல்லது அதுக்குக் கீழே. 50-லேர்ந்து 20 போனா மதிப்பு 30. ஆனா 50 பேர்ங்கிற எண்ணிக்கைக்கு இதுல கிட்டத்தட்ட 22 புள்ளி மேலேயோ கீழேயோ பிழை வரலாம். உண்மை மதிப்பு 8-ஆவும் இருக்கலாம், 52-ஆவும் இருக்கலாம். அடுத்த மாசம் 38 வந்தா வளர்ச்சின்னும், 24 வந்தா சரிவுன்னும் சொல்லி ஊழியர்களைத் திட்டினா அதுல அர்த்தமே இல்லை. இந்த அளவுல ஒரு கடைக்கு அந்த எண்ணே வேண்டாம்.

சந்தைமேடு:
அப்படியானால் எத்தனை பேரைக் கேட்டால் நம்பலாம்? 900 பேருக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் எண்ணிக்கை கூடுமே?

தென்பெண்ணை:
எண்ணிக்கை கூடும், நம்பகம் கூடாது. அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலுக்கு ஒரு பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது கணிப்பு. 48 மாநிலங்களில் 46-ஐ அவர் வென்றார். போன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து பெயர் எடுத்தார்கள், அதிலும் விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் போட்டார்கள். உங்கள் கியூஆரும் இதே மாதிரிதான். கடைக்கு வந்தவர், ஸ்மார்ட்போன் உள்ளவர், நேரம் உள்ளவர் மட்டுமே அதில் வருவார். கடையை விட்டுப் போனவர் ஒருவர்கூட வரமாட்டார்.

"எத்தனை சதவீதம் பேர்" என்று தெரிய வேண்டுமானால், பாரபட்சம் இல்லாமல் பொறுக்கிய 100 பேருக்கு 10 சதவீதப் புள்ளி வரை பிழை வரும். அதை 5 ஆக்க 400 பேர் வேண்டும். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேண்டும் என்பது கணக்கு. ஆனால் "ஏன்" என்று தெரிந்துகொள்ள 20, 30 பேர் போதும். அதற்குள் அதே காரணங்கள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்துவிடும்.

வத்தல்மலை அண்ணன் சொன்ன 45 நாள் பட்டியலை எடுங்கள். 120 பேர் இருந்தால் வரிசையில் ஒவ்வொரு நாலாவது நம்பரையும் எடுங்கள், 30 பேர் கிடைப்பார்கள். தெரிந்த முகமாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். போனில் பேசுங்கள். சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். "சாமையில கல்லு" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். "தரக் குறைபாடு" என்று மாற்றி எழுதினால் எந்தச் சல்லடையை மாற்றுவது என்று பிறகு தெரியாது.

வத்தல்மலையான்:
போன்ல கேட்கிறது ஃபார்மைவிட மேல், அதை ஒத்துக்கறேன்மா. ஆனா முதலாளியோ கல்லாவுல உட்கார்ற பையனோ பேசினா மறுபடியும் "எல்லாம் நல்லாருக்குங்க"ன்னுதான் பதில் வரும். வாடிக்கையாளருக்கு முகம் தெரியாத ஒருத்தர் பேசணும். "வரலையே ஏன்"னு எடுத்த எடுப்புல கேட்டா கடன் பாக்கி கேட்கிற மாதிரி ஆயிடும். போன மாசம் மளிகை எங்க வாங்கினீங்க, அங்க என்ன வசதியா இருந்துச்சுன்னு கேட்டா வாயைத் திறப்பாங்க.

இன்னொண்ணு, நம்பரை வாங்கும்போதே இதுக்காகவும் கூப்பிடுவோம்னு சொல்லி சம்மதம் வாங்கணும். பில் போட போன் நம்பர் கட்டாயம்னு கேட்கக் கூடாதுன்னு 2023 மே மாசமே ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிடுச்சு. தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே வருஷம்தான் வந்தது. வேண்டாம்னு சொன்னவங்க பேரை அன்னைக்கே பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க.

ராயக்கோட்டை ரோடு:
விலைக்கும் டெலிவரிக்கும் மட்டும் கேள்வியே வேண்டாம்னு நான் அடிச்சுச் சொல்வேன். விலை நியாயமான்னு கேட்டா, குறைச்சா நமக்கு லாபம்தானேன்னு எல்லாரும் அதிகம்னுதான் சொல்வாங்க. டெலிவரிக்கு "வாங்குவேன்"னு சொல்ல ஒரு பைசா செலவில்லை. குமாரசாமிப்பேட்டை, நெசவாளர் காலனி ரெண்டு இடத்துல மட்டும் நாலு வாரம் நடத்துங்க. 500 ரூபாய்க்கு மேல பில், 30 ரூபாய் டெலிவரி கட்டணம். ரெண்டாவது தடவை ஆர்டர் போட்டவங்க எத்தனை பேர்னு மட்டும் பாருங்க. முதல் ஆர்டர் புதுசுக்காக வரும்.

தென்பெண்ணை:
விலையில் உங்களோடு நிற்கிறேன். டெலிவரியில் இல்லை. எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவே கேட்க வேண்டும். "வாங்குவீர்களா" என்று வேண்டாம். போன 30 நாளில் போனில் சொல்லி மளிகை வரவழைத்தீர்களா, எவ்வளவுக்கு, கட்டணம் கொடுத்தீர்களா என்று நடந்ததைக் கேட்டால் பொய் குறைவு. அன்னசாகரத்தில் பத்துக்கு ஆறு பேர் ஆமாம் என்று சொல்லி, நெசவாளர் காலனியில் ஒருவரும் சொல்லாவிட்டால், நாலு வாரப் பெட்ரோலை எங்கே செலவழிப்பீர்கள்?

ராயக்கோட்டை ரோடு:
பத்துப் பேர் பதிலை வெச்சு ஏரியா முடிவு பண்றதும் அதே எண்ணிக்கைப் பிரச்சினைதானே அக்கா. அதுக்கு ரெண்டு இடத்துலயும் நேரடியா ஓட்டிப் பார்க்கறது செலவு குறைவு.

சந்தைமேடு:
15 கேள்வியை ஐந்தாக்கிவிட்டேன். போன மாதம் மளிகை எங்கே வாங்கினீர்கள்? அங்கே என்ன வசதி? எங்கள் கடையில் கடைசியாகத் தேடிக் கிடைக்காதது எது? வாங்கி வீணாய்ப் போனது ஏதாவது உண்டா, என்ன ஆயிற்று? போன 30 நாளில் போனில் சொல்லி வரவழைத்தீர்களா, எவ்வளவுக்கு, கட்டணம் உண்டா? கியூஆரும் குக்கரும் போயிற்று. டெலிவரியை இரண்டு பகுதியில் ஓட்டியும் பார்க்கிறேன், கேட்டும் பார்க்கிறேன்.

வத்தல்மலையான்:
வீணாப் போனது எதுங்கிற கேள்வியை மூணாவதா மாத்துங்க தம்பி, அஞ்சுக்குள்ள போனை வெச்சிடறவங்க இருப்பாங்க. கூப்பிடறது பகல் 11-லேர்ந்து 12 வரைக்கும் இருக்கட்டும், பெங்களூரு வேலைக்குப் போறவங்க வீடுகளுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை.

தென்பெண்ணை:
தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பட்டியலில் இருந்தால் தெலுங்கோ கன்னடமோ பேசத் தெரிந்தவரை வைத்துப் பேசுங்கள். முதல் ஐந்து பேரிடம் பேசி முடித்ததும் நிறுத்தி, எந்தக் கேள்விக்கு "என்ன கேட்கறீங்க" என்று திருப்பிக் கேட்டார்கள் என்று பாருங்கள். அந்த வரியைத் திருத்திவிட்டு மீதி 25 பேரைக் கூப்பிடுங்கள்.