மறு: சேமித்ததை அதே தரவினத்தோடு திரும்ப எடுப்பதற்கு என்ன சொல்?

நண்பர்களே, வணக்கம்.

ஒரு தரவைக் கோப்பில் சேமித்துத் திரும்ப எடுக்கும்போது அதன் தரவினம் (எண்ணா, எழுத்தா, தேதியா என்கிற டேட்டா டைப்) மாறாமல் வருவதற்குச் சொல் கேட்டதற்கு, ஐயா ஒருவர் 'இனக்காப்பு' என்று பரிந்துரைத்திருந்தார். அது வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'தரவினம்' இருக்கிறது, அதிலிருந்தே கிளைக்கலாம் என்று ஐயா எழுதியது நியாயம்தான். ஆனால் 'தரவு' என்ற முன்பாதி உதிர்ந்ததும் சொல் அரசியல் மேடைக்குப் போய்விடுகிறது. நான் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே மலையாளத்தில் அடித்த கடை பில்லில் 'இனம்' என்றால் வாங்கிய பொருள் என்று அர்த்தம், இரண்டு மொழியும் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அது இன்னொரு குழப்பம். 'வகை' என்றால் தொல்லை இல்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது 'காப்பு'. காப்பு என்றதும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதான் மனதில் வருகிறது, ஆனால் வகை தொலைவது பல நேரம் பெட்டியைத் திறக்கும்போது. இங்கே ஒரு பால் சங்கத்துக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர் எண் 0047, நிரலில் அது சரம், அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசை. சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து நோட்பேடில் பார்த்தால் 0047 அப்படியே இருக்கிறது, எக்செல்லில் திறந்தால் 47. பைத்தான் மொழியின் தரவு நிரலகமான பாண்டாஸில் படித்தாலும் 47தான், அந்தப் பத்தியில் (காலம்) ஓர் இடம் காலியாக இருந்துவிட்டால் 47.0! தீவனப் புல் போடும் நிலத்தின் சர்வே எண் 5/3 என்று இருந்தது மார்ச் 5 ஆகிவிட்டது, அதை யாரோ அப்படியே சேமித்தும் விட்டார்கள், அதற்கப்புறம் பழைய எண்ணை எடுக்க நோட்டுப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. இது சின்ன ஊர்ப் பிரச்சினை இல்லை. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு பெயர்களையே மாற்றியது.

சில இடங்களில் எழுதும்போதே போய்விடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். பைத்தானில் ஒரு டியூப்பிளை (மாற்ற முடியாத வரிசை) ஜேசானாக (தரவை எழுத்தாக எழுதி வைக்கும் ஒரு வடிவம்) எழுதினால் திரும்புவது லிஸ்ட் (மாற்றக்கூடிய வரிசை); டிக்ஷ்னரியில் (சாவியும் மதிப்பும் சேர்ந்த தொகுப்பு) முழு எண்ணாக இருந்த சாவி சரமாக வரும்; தேதியைக் கொடுத்தால் எழுதவே மறுத்துப் பிழை காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் தேதியை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது, படிக்கும்போது வெறும் சரமாகக் கொடுக்கிறது. ஜேசானில் தேதி என்ற வகையே கிடையாது என்பதுதான் இரண்டுக்கும் காரணம். போகும்போது போனாலும் வரும்போது போனாலும் நமக்குத் தெரிவது கைக்குத் திரும்பி வந்த பிறகுதான், அதனால் சொல் திரும்பி வருவதைப் பிடிக்க வேண்டும்.

என் பரிந்துரை: வகைமாறா மீட்பு.

'மாறா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், 'வாடா மலர்' மாதிரி, யாருக்கும் விளக்க வேண்டாம். எதிர்ச்சொல்லும் சுலபம்: வகையிழப்பு. ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க நான் அதை ஆவணத்தில் வரக்கூடிய வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பேன். "பார்க்கே வடிவம் ஒவ்வொரு பத்தியின் வகையையும் கோப்பிலேயே எழுதி வைப்பதால் வகைமாறா மீட்பு கிடைக்கும்." "சிஎஸ்வியில் வகையிழப்பு நேரும், படிக்கும்போது பத்தியின் வகையை நீங்களே குறிப்பிடுங்கள்." "பைத்தானின் பிக்கிள் கோப்பு வடிவம் வகைமாறா மீட்பு தரும், ஆனால் தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்காதீர்கள், அதற்குள் இருக்கும் நிரல் ஓடிவிடும்." மூன்றும் எனக்குத் தடையில்லாமல் வருகின்றன.

'மீட்பு' என்றால் அழிந்த கோப்பை மீட்பதோடு குழம்பும் என்று ஒருவர் கேட்கக்கூடும். சரியான கேள்வி. 'மீள்பெறல்' போட்டுப் பார்த்தேன், பேசும்போது நாக்கில் நிற்கவில்லை. 'வகைமாறா' முன்னால் இருக்கும்வரை அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். சுருக்கி வெறும் 'மீட்பு' என்று மட்டும் எழுத வேண்டாம்.

சங்கத்துக்கான கையேட்டை இந்த வாரம் திருத்துகிறேன், இந்தச் சொல்லைத்தான் போடப்போகிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.