அட்டை தொலைந்த பாட்டி ஓட்டுப் போட வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியின் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்ததில் வாக்காளர் அட்டையும் ஆதாரும் போய்விட்டன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது. கையில் மிஞ்சியது ரேஷன் கார்டு, படம் ஒட்டாத வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை.

தேர்தல் ஆணையம் ஏற்கும் மாற்று ஆவணங்களில் ரேஷன் கார்டு கிடையாது. 2019 முதல் பூத் சிலிப்பை மட்டும் காட்டியும் ஓட்டுப் போட முடியாது. நூறு நாள் வேலை அட்டை செல்லும், ஆனால் இவருடையதில் படம் நனைந்து முகமே தெரியவில்லை.

அப்படிப்பட்ட அட்டையோடு யாராவது போயிருக்கிறீர்களா? பூத்தில் ஏற்றுக்கொண்டார்களா? பாஸ்புக்கில் படம் ஒட்டி முத்திரை போட்டுத் தர வங்கியில் என்ன கேட்பார்கள்? படிவம் 8 கொடுத்தால் மாற்று வாக்காளர் அட்டை வர எவ்வளவு நாளாகும்? ஆதாரை மறுபடி வாங்குவது இதைவிடச் சுலபமா?

கள்ள ஓட்டைத் தடுக்க அடையாளம் கேட்பது சரிதான். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சேஷன் காலத்தில் 1993-ல் படம் போட்ட அட்டை கொண்டுவந்ததும் அதற்காகத்தான். ஆனால் பூத்தில் உட்காரும் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளுக்கும் தெரிந்த முகம் இவர். இவரைத் திருப்பி அனுப்பினால் மனசு ஆறாது. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.