மெஹல்: லத்தீன் கடனா, அயர்லாந்தின் சொந்தச் சொல்லா?

களத்துமேடு:
அயர்லாந்து கிராமங்களில் கூலி வாங்காமல் ஒருவர் நிலத்தில் மற்றவர் முறைவைத்து உழைக்கும் அக்கம்பக்கத்தார் குழுவுக்கு ‘மெஹல்’ என்று பெயர். கதிரடிக்கும் இயந்திரம் வந்த காலத்திலும் இதே வழக்கம்தான்: ஒருவர் கதிர்க்கட்டை மேலே தூக்கிப் போட, ஒருவர் கட்டறுக்க, ஒருவர் வைக்கோலைப் போரடுக்க, சாப்பாடு மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. லத்தீனில் ‘மெட்டெரே’ என்றால் அறுத்தல். அதிலிருந்து துறவிமடங்கள் வழியாக வந்த சொல்தான் ‘மெஹல்’ என்பதே என் கருத்து.

சொல்லாய்வன்:
ஏற்க முடியாது. வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியிலும் அறுப்பாட்கள் கூட்டத்துக்கு ‘மெடெல்’ என்று சொல் இருக்கிறது. பழைய ‘ட்’ ஒலி ஐரிஷில் தேய்ந்து ‘ஹ்’ ஆகும், வெல்ஷில் மெலிந்து ‘d’ ஒலியாக நிற்கும். போருக்கு ஐரிஷில் ‘கஹ்’, வெல்ஷில் ‘காட்’. கெல்டிக் தாய்மொழியிலிருந்து இரண்டுக்கும் வந்த சொத்து இது.

களத்துமேடு:
அந்த விதி மட்டும் போதாது நண்பரே. சனிக்கிழமை ஐரிஷில் ‘சஹர்ன்’, வெல்ஷில் ‘சாடுர்ன்’. இரண்டும் லத்தீன் கடன்தான், ஆனாலும் இதே மாற்றம் நடந்திருக்கிறதே?

சொல்லாய்வன்:
சரி, ஆனால் அங்கே கடன் கொடுத்த பெயர்ச்சொல் லத்தீனில் இருக்கிறது. அறுப்பவருக்கு லத்தீன் சொல் ‘மெஸ்ஸோர்’, அறுவடைக்கு ‘மெஸ்ஸிஸ்’. ‘-எல்’ விகுதியோடு ஆட்கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை லத்தீனில் காட்டுங்கள். வெல்ஷில் அறுத்தலுக்கு ‘மெடி’ என்ற வினையும் இருக்கிறது. ‘மெட்டெரே’ நம் சொல்லுக்குத் தாயல்ல, உடன்பிறப்பு.

மேற்குக்கரை:
இலக்கணத்தையும் பாருங்கள். கூட்டத்தில் எல்லோரும் ஆண்களாக இருந்தாலும் சொல் பெண்பால். அதனால்தான் ஆங்கில ‘the’ போன்ற ‘அன்’ சேர்ந்ததும் ‘அன் வெஹல்’ என்று முதலொலி மாறுகிறது. ஆறாம் வேற்றுமையில் ‘மெஹ்லெ’, பன்மையில் ‘மெஹ்லஹா’. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வெறும் ‘ஸ்’ ஒட்டிப் பன்மையாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. இது ஒருமையா பன்மையா என்று வினையை வைத்து முடிவு செய்யவும் முடியாது: குழு வந்தாலும் ஆண்கள் பலர் வந்தாலும் ‘ஹானிக்’ என்ற வினை ஒன்றேதான்.

களத்துமேடு:
அப்புறம், வேர் அறுத்தல் என்றால் அறுவடை அல்லாத வேலைக்கு இதைச் சொல்வது தவறுதானே? இப்போது குழந்தைநலத் திட்டத்துக்குக்கூட இந்தப் பெயரை வைக்கிறார்கள்.

மேற்குக்கரை:
தவறே இல்லை. சதுப்பு நிலத்துக் கரிச்சேற்றை எரிபொருளுக்கு வெட்டும் கூட்டத்தை ‘மெஹல் வோனா’ என்று உழவர்களே சொல்கிறார்கள். அங்கே ஒரு கதிர்கூட கிடையாது.