பெற்றோலில் நின்ற ஈயம், எலும்பில் நின்றதா?

காலிவீதிக்காரன்: “ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, என் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, ஆகவே உடலில் வாழ்நாள் முழுக்கத் தங்கும் நஞ்சு என்பது வீண் பயமுறுத்தல்” என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். இரத்தத்தில் கலந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எலும்பில் படிந்ததோ பல பத்தாண்டுகள் கிடக்கும். எண்பதுகளில் பம்பலப்பிட்டிச் சந்தியில் பேருந்துக்காக நின்று சுவாசித்த புகையை இந்த மாதத்து இரத்தத்திலா தேடுவது?

கொட்டாஞ்சேனை மைந்தன்: அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயரைச் சொல்லியே ஏசலாம். என் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 2 மைக்கிரோகிராம். அமெரிக்காவில் 2021 இல் வைத்த அளவே 3.5 தான்.

காலிவீதிக்காரன்: அந்த 3.5 சிறு பிள்ளைகளுக்கானது. அதுவும் அதிகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை இனங்காண வைத்த கோடு, பாதுகாப்பின் எல்லையன்று. ஐம்பது வயதில் பாலர் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையைக் காட்டிப் பெருமைப்படுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கருவில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் ஒருவர் எதிர்கொள்ளும் சூழல் தாக்கங்கள் அனைத்தையும் ‘எக்ஸ்போசோம்’ என்று கிறிஸ்தோபர் வைல்ட் 2005 இல் பெயரிட்டார். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று வரையறுப்போமா?

கொட்டாஞ்சேனை மைந்தன்: வரையறை இருக்கட்டும் சேர். என் இரத்தத்தில் 2.

வெள்ளவத்தை வாணி: என் அம்மம்மா ஈயச் செம்பில் இரசம் வைத்தே தொண்ணூறு வயது வரை இருந்தார்.

காலிவீதிக்காரன்: அக்கா, அது வெள்ளீயம், வேறு உலோகம். அம்மம்மாவை விட்டுவிடுங்கள்.

வெள்ளவத்தை வாணி: அவர் சமைத்த செம்பை நீங்கள் கண்டீர்களா? சென்ற மாதம் அஸ்பெஸ்டஸ் கூரை விவாதத்திலும் இப்படித்தான் என்னை மட்டந்தட்டினீர்கள்.

காலிவீதிக்காரன்: அங்கும் இதையேதான் சொன்னேன்: அஸ்பெஸ்டஸ் தூசியைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் உறையில் புற்றுநோய் வர இருபது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம், இன்று இருமல் இல்லை என்பது சாட்சியாகாது. ஈயத்துக்கு வருகிறேன். வளர்ந்தவரின் உடலிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது. கருவுற்ற காலத்திலும், பாலூட்டும்போதும், முதுமையில் எலும்பு தேயும்போதும் அது மீண்டும் இரத்தத்தில் கசியும். எலும்பு, ஐயா, எலும்பு!

கொட்டாஞ்சேனை மைந்தன்: எலும்பை அறுத்தா காட்டச் சொல்கிறீர்கள்?

காலிவீதிக்காரன்: அறுக்கத் தேவையில்லை, எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையால் வெளியிலிருந்தே அளக்கலாம். வாசித்துவிட்டு வந்து வாதாடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வரையறை கேட்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனை மைந்தன்: அளந்தவர் அறிக்கையைப் போடட்டும். நான் அளந்துவிட்டேன்: 2.