மின் மாங் டிராகன் வெள்ளிக் காசு: கீறாமல் சோதிப்பது எப்படி?

கேள்வி:
வியட்நாம் நுயென் வம்சத்து மின் மாங் பேரரசரின் வெள்ளிக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கம் கதிர் வீசும் சூரியன், சுற்றி நான்கு சீன எழுத்துகள், மறுபக்கம் டிராகன். ஆட்சியாண்டு 14. எடை 26.40 கிராம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் அசல் வெள்ளி என்கிறார் விற்பவர். நம்பலாமா? 14 என்பது எந்த ஆண்டு?

மறுமொழி 1:
காந்தம் ஒட்டாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. செம்பு, பித்தளை, குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) எதிலும் அது ஒட்டாது. எடையும் போதாது. இது 7 தியென் (பழைய வியட்நாமிய எடை அளவு) காசு, சுமார் 26.7 கிராம். 27.07 கிராம் எடையுள்ள ஸ்பானிய 8 ரியால் வெள்ளிக் காசை ஒட்டி அடித்தது. போலி செய்பவர் தடிமனைக் கூட்டி இந்த எடையைக் கொண்டுவந்துவிடுவார். அடர்த்தியைத்தான் பார்க்க வேண்டும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காசின் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம் என்பது). 90% வெள்ளி, மீதி செம்பு என்றால் 10.3, 70% ஆனாலும் 9.98. இந்தக் காசுகளில் செம்பு கூடக் குறைய இருக்கும் என்பதால் 10.3-க்குக் கொஞ்சம் கீழே வந்தால் பதற வேண்டாம். குப்ரோநிக்கல் 8.9, பித்தளை 8.5.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்று: டிராகன் செதில்களுக்கிடையே காற்றுக்குமிழி நிற்கும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, காசை மெதுவாக ஆட்டிவிடுங்கள். குமிழி நின்றாலும் காசு அடியைத் தொட்டாலும் தராசு எண் கூடும், அடர்த்தி குறையும். அதாவது இந்தப் பிழைகள் அசலைப் போலியாகக் காட்டுமே தவிர, போலியை அசலாக்காது.

ஈயம் கலந்த செம்பு இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடும், ஈயத்தின் அடர்த்தி 11.34 என்பதால். அதற்கு நியோடிமியம் என்ற வலுவான காந்தத்தைச் சாய்த்த காசின் மேல் வழுக்க விடுங்கள். வெள்ளியில் தயங்கித் தயங்கி இறங்கும்; குப்ரோநிக்கலிலும் ஈயத்திலும் சட்டென்று வழுக்கிவிடும்.

முதல் ஆட்சியாண்டு 1820. ஆண்டு எண்ணோடு 1819-ஐக் கூட்டுங்கள்: 14 என்றால் 1833. சந்திர ஆண்டு என்பதால் அதன் கடைசி வாரங்கள் 1834-இல் விழும்.

கேட்டவர்:
மூன்று முறை பார்த்தேன். தராசு காட்டிய எண் 2.96, 2.95, 2.96.

மறுமொழி 1:
26.40-ஐ 2.96-ஆல் வகுத்தால் 8.92. வெள்ளியாக இருந்தால் 2.6 சுற்றி வந்திருக்கும். 0.36 கிராம் வித்தியாசம் குமிழியால் வராது, அவ்வளவு பெரிய குமிழி கண்ணுக்குத் தெரிந்துவிடும். வாங்க வேண்டாம்.