பெயர் வேறு பாறைக்கு மாறினால்? பெயர்க் கோட்பாட்டில் உதவி தேவை

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஒரு பெயர் எதை வைத்து ஒன்றைக் குறிக்கிறது என்பது பற்றிய என் முதுகலை தத்துவ ஆய்வேட்டில் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் பாறையின் பெயரை, யாரோ பலகையில் எழுதிக் கீழ்ப்பாறையில் நட்டுவிட்டார்கள். இப்போது ஜீப் ஓட்டுபவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கீழ்ப்பாறையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

தத்துவவியலாளர் சால் கிரிப்கி பெயர்களைப் பற்றி 1970-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளைப் படித்தேன். முதலில் பெயரிட்டதிலிருந்து வாய்வழி வரும் சங்கிலிதான் முக்கியம் என்றால், பிள்ளைகளும் மேல்பாறையையே குறிக்க வேண்டும். நம்பும்படி இல்லை. பெயர் என்பது ஒரு வருணனையின் சுருக்கம், அந்த வருணனை எதற்குப் பொருந்துகிறதோ அதையே பெயர் குறிக்கும் என்ற தத்துவவியலாளர் ரஸ்ஸலின் வழியிலும் பார்த்தேன். ‘சூரிய உதயம் தெரியும் பாறை’ இரண்டுக்குமே பொருந்துகிறது. அப்புறம் தத்துவவியலாளர் கேரத் எவன்ஸின் 1973 கட்டுரை: ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் ஒரு பகுதியைக் குறித்த மடகாஸ்கர் என்ற பெயர் தவறுதலாகத் தீவுக்கு மாறியதைக் காட்டி, பேசுபவரின் தகவல்களுக்கு எது முதன்மை மூலமோ அதையே பெயர் குறிக்கும் என்கிறார். நல்ல பதில்தான். ஆனால் மேல்பாறையைச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அதே டீக்கடையில் பிள்ளைகளோடு பேசுகிறார்கள்.

இப்படி இரண்டு மூலமும் கலந்திருக்கும்போது, ஊராருக்குப் பொதுவான அந்தப் பெயர் எந்தப் பாறையைக் குறிக்கிறது என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?